வேலை முடிந்து வீடு வந்தவர்

எங்கள் பக்கம் ஒரு குடும்பத் தலைவர் இறந்துபோனால், "பிள்ளைகளுக்காக உடம்பைப் பாராமல் உழைத்த மனுஷன்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். போன வருடம் என் அத்தான் இறந்தபோதும் துக்கத்துக்கு வந்தவர்கள் அப்படியே சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் பட்டாசு மருந்தோடு புழங்கியவர் அவர். உடம்பைப் பார்த்துப் பார்த்து உழைத்தவர். இரண்டு கண்ணும் பத்து விரலும் பழுதில்லாமல், எண்பது வயதைத் தாண்டி, சொந்த வீட்டுக் கட்டிலில் கண்ணை மூடினார். விஸ்வநத்தத்தில் அது தானாக நடந்துவிடுகிற காரியம் இல்லை. என் அக்காவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அவர் கொடுத்ததிலேயே பெரியது அதுதான் என்று சொல்வேன். சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. ஒருவர் நல்ல புருஷனா, நல்ல தகப்பனா என்று மனைவியின் தம்பி கவனிக்கிற மாதிரி வேறு யார் கவனிப்பார்கள்?

விஸ்வநத்தம் சிவகாசியை ஒட்டிய ஊர். புதிதாக வருகிறவருக்கு ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் சோளமும் இல்லை, பருத்தியும் இல்லை. அந்த வறட்சியிலிருந்துதான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பயிருக்குப் பகையான அதே காய்ந்த காற்று தீக்குச்சிக்கும் மருந்துக்கும் தோதாக அமைந்தது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் பெற்ற ஆலைகள் தோன்றின. யுத்த காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வராமல் போக, இங்கே தொழில் வேர் பிடித்தது. அதே அய்ய நாடார் 1963-இல் தொடங்கிய கல்லூரிக்குத் தன் பெயரோடு தன் மனைவி பெயரையும் சேர்த்து அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று வைத்தார். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். ஊரில் எத்தனையோ கட்டடங்களுக்குப் பின்னால் எத்தனையோ பெண்களின் உழைப்பு இருக்கிறது. பெயர் வெளியே தெரிகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

என் அத்தான் கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அவருடைய அப்பா வாங்கிய அட்வான்ஸுக்காகத் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போனவர். பிறகு பயராபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்கு மாறி, மருந்து சலிக்கிறவராகி, கலக்கிறவராகி, கடைசியில் போர்மேன் ஆனார். 1966-இல் என் அக்காவைக் கட்டினார். அக்காவும் தீப்பெட்டி ஆபீஸ்காரிதான். பெட்டி ஒட்டுவதில் அவள் கைக்கு வேகம் அதிகம்.

கல்யாணமான புதிதில் நான் அவர்கள் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் அத்தான் திரும்பி வரும்போது, உடன் வேலை பார்க்கிறவர்கள் முகமும் தலைமுடியும் வெள்ளிப் பவுடர் அப்பி மினுமினுக்க வீட்டுக்குப் போவார்கள். தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். அத்தான் மட்டும் ஆபீஸ் தொட்டியிலேயே தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, வேறு வேட்டி சட்டை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவார். வேலைத் துணியைத் தனிப் பையில் கட்டிவந்து, கொல்லையில் தானே அலசுவார். பிள்ளைகள் துணியோடு அது ஒரு நாளும் சேர்ந்ததில்லை. அக்கா கேட்டுப் பார்த்தாள், "நான் துவைச்சுப் போடுறேனே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று. "அந்தத் தூசி எனக்குச் சம்பளம் தருது. உனக்கும் பிள்ளைகளுக்கும் அது என்ன தருது?" என்றார்.

பீடிப் பழக்கம் இருந்தது அவருக்கு. ஆலை வாசலில் மடியைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி, தீப்பெட்டி எதுவும் போகாது. அதனால் வெளியே குடிப்பவர்கள் உண்டு. அத்தான் அதையும் விட்டுவிட்டார். மறந்த வாக்கில் கை பைக்குப் போகிற பழக்கமே வேண்டாம் என்றார். பெரிய மகள் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு டெரிகாட்டன் சட்டை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணம், கோயில் என்று எல்லாவற்றுக்கும் அதையே பெருமையாகப் போட்டுக்கொண்டார். ஆனால் வேலைக்கு ஒரு நாளும் போட்டதில்லை. அந்த மாதிரித் துணி உரசினால் மின்னேற்றம் உண்டாகும், காய்ந்த மருந்துக்கு அந்தப் பொறி போதும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், அறைக்குள் நுழையும் முன் கையைத் தாமிரத் தகட்டில் வைத்து எடுக்க வேண்டும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அன்றன்று கலக்கிய மருந்தை அன்றே தீர்க்க வேண்டும். இதெல்லாம் ஆலைச் சுவரில் எழுதியிருக்கும் விதிகள்தான். பலருக்கு அது இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கான பாடம். அத்தானுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்ததால் அது தினசரிப் பாடம்.

இந்த மனிதரின் அன்பு எவ்வளவு கெட்டியானது என்று எனக்கு விளங்கியது ஒரு புரட்டாசி மாதத்தில். கடைசிப் பையன் அப்போது கைக்குழந்தை. தீபாவளி நெருங்கிவிட்டது. ஆலைகளில் இராப்பகலாக நெருக்குகிற காலம். முந்தின நாள் கலக்கிய புஸ்வாண மருந்து கொஞ்சம் மிச்சப்பட்டு அறையிலேயே இருந்திருக்கிறது. இரவு மழை, கூரையில் ஒழுக்கு. காலையில் அத்தான் அந்தத் தட்டின் அடியில் கை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு. வெள்ளிப் பவுடர் என்று நாங்கள் சொல்லும் அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள் தானாகவே சூடேறும். நெருப்பு வைக்க ஆள் வேண்டியதில்லை. அதை யாரும் அவருக்குப் புத்தகத்தில் காட்டவில்லை. மூத்த தொழிலாளிகள் சொல்லிக் கொடுத்ததும் கண்ணால் பார்த்த சாவுகளும்தான் அவருக்குப் பாடம்.

அந்த வரிசையில் இருந்தவர்கள் எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். மேற்பார்வை பார்த்தவர் வந்து சத்தம் போட்டார்: இதைக் கொட்டினால் நஷ்டத்தை யார் கொடுப்பது, லாரி நிற்கிறது, பயந்தவனுக்கு இங்கே என்ன வேலை. அத்தான் பதிலுக்குப் பதில் பேசவில்லை. அந்த அறைக்குள் போக மாட்டேன், மற்றவர்களையும் அனுப்ப மாட்டேன் என்றார். அப்படியானால் கணக்கை முடித்துக்கொண்டு போ என்றார்கள். போய்விட்டார்.

தீபாவளிக்கு முன்னால் வேலையை விடுவது என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருடம் முழுக்க எதிர்பார்க்கிற போனஸ் அதோடு போயிற்று. வெயில் உச்சியில் நிற்கும்போது அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் வீட்டில் இருந்தேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. கை கால் கழுவச் சொல்லிச் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் அவரே சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "போனஸ் போனா போகுது. ஆளு வந்தாச்சுல்ல" என்று ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அந்த வருடத் தீபாவளித் துணி அவளுடைய கம்மலை அடகு வைத்து எடுத்தது. அத்தான் ஒரு அச்சாபீஸில் பேப்பர் கட்டுச் சுமந்தார். தை பிறந்து வேறு ஆலையில் சேர்ந்தார். கம்மலைத் திருப்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த மருந்து பிறகு வெடித்ததா என்று கேட்பீர்கள். வெடிக்கவில்லை. வேறு ஆட்களை வைத்துச் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிட்டார்கள். ஊரில் சிலர், "சும்மா பயந்து சோத்தைக் கெடுத்துக்கிட்டான்" என்று பேசினார்கள். இந்தக் கதையை என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் இதை விடாமல் சொல்கிறேன். விபத்து நடந்திருந்தால் அவரை எல்லோரும் தீர்க்கதரிசி என்றிருப்பார்கள். நடக்காததால் அவர் பயந்தாங்கொள்ளி. குடும்பத்துக்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள ஒருவர் துணிகிறார் என்றால், அந்தத் துணிச்சலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மார்தட்டி மருந்தில் கை வைத்த எத்தனையோ வீரர்களின் மனைவிகளை மதுரைப் பெரியாஸ்பத்திரித் தீக்காய வார்டு வாசலில் நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளில் எங்கள் ஊர்களில் விடிவதற்கு வெகு முன்பே கம்பெனி வண்டி வந்துவிடும். ஆரன் சத்தம் கேட்டதும் அம்மாக்கள் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். எட்டு வயது, ஒன்பது வயது. அதிலும் பெண்பிள்ளைகள் அதிகம். ஏஜெண்ட் திருவிழா சமயமாகப் பார்த்து வீட்டுக்கு வருவார். அட்வான்ஸ் என்று ஒரு தொகையை வைத்துவிட்டுப் போவார். அது தீரும்வரை பிள்ளை கட்டை அடுக்க வேண்டும். தீருவதற்குள் அடுத்த திருவிழா வந்துவிடும். பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. மழையில்லாத ஊரில் பசி முதலில் பேசும்.

பெரிய பெண்ணுக்கு எட்டு வயதானபோது அந்த ஏஜெண்ட் இவர்கள் வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்கார்ந்தார். மாரியம்மன் கோயில் பொங்கல் சமயம். அடுத்தடுத்து இரண்டும் பெண்ணாச்சே, நகை நட்டுச் சேர்க்க வேண்டாமா என்று அக்காவிடம் பக்குவமாகப் பேசினார். அக்காவுக்குச் சபலம் தட்டியது, அதை அவளே பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அத்தான் வந்து ரூபாயை எடுத்து ஏஜெண்ட் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "எங்கப்பா வாங்கின அட்வான்ஸை நான் அடைச்சிட்டேன் அண்ணாச்சி. என் பிள்ளை பேர்ல புதுக் கணக்கு வேண்டாம்."

அவர் தன் அப்பாவைப் பற்றி ஒரு நாளும் குறையாகப் பேசியதில்லை. கடைசிக் காலத்தில் அந்த மனிதரை வைத்துக் காப்பாற்றியதும் அத்தான்தான். தனக்கு நடந்ததைத் தன்னோடு நிறுத்திக்கொள்வது என்று மட்டும் முடிவு செய்திருந்தார். அந்த முடிவுக்கு ஆன செலவு கொஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறி பல மாதம் இல்லாமல் போனது. வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியது தள்ளிப் போனது. அக்கா இரவு வெகு நேரம் சிம்னி வெளிச்சத்தில் குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டினாள். அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுப்பார், ஆம்பளை பெட்டி ஒட்டுகிறான் என்று கேலி வந்தபோதும். பிள்ளைகளை அந்தப் பக்கம் அண்டவிட்டதில்லை. "நீ எழுது" என்பார்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். சட்டமும் கோர்ட்டும் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே திண்ணையில் தீர்ப்பு எழுதியவர்கள் எங்கள் ஊரில் அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. என் அக்கா மகள் சிவகாசி எஸ்.எஃப்.ஆர். மகளிர் கல்லூரியில் படித்து ஆசிரியை ஆனாள். 1968-இல் பட்டாசுக் காசில் எழும்பிய கல்லூரி அது, பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பெண்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. அத்தான் தொழிலை ஒருபோதும் தூற்றாததற்கு அதுவும் ஒரு காரணம். "சோறு போட்ட மருந்தைத் திட்டக் கூடாது மாப்ளே. அதுக்கிட்ட மரியாதையா நடந்துக்கணும், அவ்வளவுதான்" என்பார். பையன் மட்டும் பயராபீஸுக்குத்தான் போவேன் என்று நின்றபோது தடுக்கவில்லை. ஒரு வாரம் தன்னோடு கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினார், விபத்தில் கை இழந்த தன் பழைய சிநேகிதர் வீட்டையும் சேர்த்து. அவனாகவே ஆப்செட் அச்சகத்தில் சேர்ந்தான்.

சனிக்கிழமைச் சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் சிவகாசிச் சாராயக் கடைகளில் நிற்க இடமிருக்காது. அத்தான் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து அக்கா கையில் கொடுப்பார். பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்: அரிசிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, மளிகைப் பாக்கி இவ்வளவு. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைப்பார். நமக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்பது அவர் கொள்கை. கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் காட்டாமல் வளர்ப்பதே நல்ல தகப்பனுக்கு அழகு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்தக் கணக்கில் உட்கார்ந்து வளர்ந்த மூன்று பேரும் பெற்றவர்களிடம் முடியாததைக் கேட்டு அடம் பிடித்ததே இல்லை. முடிகிறதைக் கேட்கக் கூச்சப்பட்டதும் இல்லை.

2009-இல் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. மகள்கள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள், எங்களோடு வந்துவிடுங்கள் என்று. "அவ பழகின வீடு இது. கொல்லைக்குப் போற வழி அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்" என்று அத்தான் மறுத்துவிட்டார். அவளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவரே. ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, சமையலுக்கு மட்டும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டார்.

நான் போயிருந்த ஒரு நாள் அக்காவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னினார். தளராமல், இறுக்கமும் இல்லாமல், நுனிவரை ஒரே சீரான பின்னல். சரவெடி பின்னிப் பழகிய கை அது. திரி இழுபடாமல், வெடி நழுவாமல் ஆயிரமாயிரம் சரம் பின்னிய கை. அக்கா இடது கையால் பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, குழறலாக என்னிடம் சொன்னாள்: "நான் போட்டாக்கூட இப்படி வராதுடா." ஏழு வருடம் அந்தப் பின்னல் ஒரு நாள் தவறவில்லை. தன்னைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அலங்கோலமாகக் கிடக்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார். கட்டிய மனைவிக்குச் சேவை செய்வதை ஊர் மெச்சும். மனைவியின் மானத்தைக் காப்பது அதைவிட நுட்பமான காரியம். அது வெளியே தெரியாததால் மெச்சவும் ஆள் இருக்காது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவர், சேதி வந்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார். இளவட்டங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், எங்கள் பேரனும் ஒருவன். அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "முதல்ல ஒண்ணு வெடிக்கும். பக்கத்து அறையில இருக்கிறது அப்புறம் வெடிக்கும். கூட்டம் போற நேரத்துலதான் அது வெடிக்கும்" என்றார். அன்று வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடியவர்களும் செத்துப்போனவர்களில் இருந்தார்கள். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. அத்தான் அதற்கும் வருத்தப்படவில்லை. பேசாத பேரன் கண் முன்னால் இருக்கிறான் அல்லவா.

2016-இல் அக்கா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் அவர் விஸ்வநத்தத்தை விட்டு நகரவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும், பச்சை உப்பு என்று நாங்கள் சொல்லும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரிவது சிரமமாக இருந்தது. தன்னிடம் மருந்து வேலை கற்ற ஒருவரின் மகளுக்கு அந்த வருடப் பள்ளிக் கட்டணத்தை அத்தான் கட்டினார். அந்தப் பெண் அவருடைய பதினாறாம் நாளுக்கு வந்திருந்தபோதுதான் எங்களுக்கே அது தெரியும்.

அதே பதினாறாம் நாளில், சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கையில், பங்காளி முறையில் ஒருவர் மெல்லக் கேட்டார், மனுஷன் என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று. பெரிய மகள் உள்ளே போய் அந்தச் சனிக்கிழமைக் கணக்கு நோட்டுகளில் கடைசியானதை எடுத்து வந்தாள். வீடு மூன்று பேர் பெயரிலும் எழுதியாகிவிட்டது. பாஸ்புக்கில் காரியச் செலவுக்கென்று தனியாகப் போட்டு வைத்த தொகை இருந்தது. செலவு அதற்குள் அடங்கிவிட்டது. அம்மாவுடைய கம்மல் பேத்திக்கு என்று எழுதியிருந்தது. கடன் என்ற தலைப்புக்குக் கீழே பால்காரருக்குத் தர வேண்டிய ஒரு வாரப் பாக்கி மட்டும்தான். "அதையும் நேத்துக் கொடுத்துட்டேன் சித்தப்பா" என்றாள்.